‘மயக்க மருந்து அளவு அதிகம்’ என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபரேஷன் மேஜையில் ஒருவர் இறந்துபோனாலோ, கண் விழிக்காமல் கிடந்தாலோ மறுநாள் செய்தியில் வரும் வாக்கியம் அநேகமாக ஒன்றுதான்: ‘மயக்க மருந்தின் அளவு அதிகமானதால்’. உறவினர்கள் சொன்னதாக வரும். சில நேரம் யார் சொன்னது என்பதே இல்லாமலும் வரும். அளவு அதிகமாகி உயிர் போவது உண்டு. அதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அளவு குறைந்தும் உயிர் போகும். அந்தப் பாதி உங்கள் வாசகர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. ஆகவே மயக்கவியல் மருத்துவர்களான நாங்கள், தியேட்டரில் அன்றாடம் நடக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதில் மருந்தின் அளவு எப்படி முடிவாகிறது என்று எழுதுகிறோம். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ஊசியாகப் போட்டு, எல்.எம்.ஏ. என்ற சுவாசக் கருவியைத் தொண்டையில் பொருத்துவதுதான் அந்த வேலை.

மார்பில் கட்டி அகற்றுவது, கை எலும்பு முறிவுக்குப் பிளேட் வைப்பது போன்ற குறுகிய நேர ஆபரேஷன்களில், வயிறு காலியாக இருக்கிறவர்களுக்கு, மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வளைந்த குழாய்; அதன் நுனியில் அகலமான கரண்டி மாதிரி, சுற்றிலும் காற்றடைத்த விளிம்புள்ள ஒரு சிறு மூடி. அது நாக்குக்குப் பின்னால் இறங்கி, குரல்வளையின் வாயை மேலிருந்து மூடி உட்கார்ந்துகொள்ளும். லண்டனில் ஆர்ச்சி பிரெயின் என்ற மயக்க மருத்துவர் 1981இல் இதை உருவாக்கினார். 1988இல் விற்பனைக்கு வந்தது. காற்றடைக்கத் தேவையில்லாத ஐ-ஜெல் போன்ற வகைகள் பின்னால் வந்தன.

டியூப் விடும்போது தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தையும் பெரும்பாலும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். குரல்நாண்கள் அசையாமல் திறந்து கிடக்கும். தொண்டை எதிர்க்க நினைத்தாலும் அதனால் முடியாது. எல்.எம்.ஏ.வின் வசதியே அந்த மருந்து இல்லாமல், நோயாளி தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டிருக்கலாம் என்பதுதான். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. தொண்டையை அடக்கும் பொறுப்பு முழுவதும் தூக்க மருந்தின் தலையில் விழுகிறது. ஒரு பருக்கை புரையேறினாலே உடம்பு எப்படிப் பதறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே கட்டைவிரலைவிடப் பருமனான ஒரு பொருள் உள்ளே போகிறது.

ஆள் தூங்கிவிட்டார் என்பதும் தொண்டை அடங்கிவிட்டது என்பதும் இரண்டு வேறு நிலைகள். பேச்சு நிற்கும், இமை முடியைத் தொட்டால் கண் சிமிட்டாது. இதற்குக் கொஞ்சம் மருந்தே போதும். தாடை தளர்வது அதற்கும் பிறகு. தொண்டையும் குரல்வளையும் அடங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. நடுவில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. ஆர்தர் கெடல் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் ஈதர் மயக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்தபோது இரண்டாவதாக வைத்த கிளர்ச்சிக் கட்டம் அது. நினைவு இல்லை, ஆனால் அனிச்சைச் செயல்கள் எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும். புரோபோஃபால் அந்தக் கட்டத்தை நொடிகளில் தாண்ட வைத்துவிடுகிறது என்பதால் அது இல்லவே இல்லை என்று தோன்றும். மருந்து கொஞ்சம் குறைந்தால் நோயாளி சரியாக அங்கேதான் நிற்கிறார்.

அந்த நேரத்தில் எல்.எம்.ஏ.வை நுழைத்தால் வாயை இறுகக் கடிப்பார், குமட்டுவார், இருமுவார், கை கால் உதறுவார். இவை சமாளிக்கக்கூடியவை. குமட்டலோடு வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு கதை. எல்லாவற்றையும்விட நாங்கள் பயப்படுவது லாரிஞ்சோஸ்பாசத்துக்கு. குரல்நாண்கள் இரண்டும் இறுகி ஒட்டிக்கொண்டு, காற்றுப் போகிற வழி அடைபட்டுவிடும். நெஞ்சு மேலும் கீழும் போகும், காற்று உள்ளே போகாது. ஆக்சிஜன் அளவு 98, 90, 75 என்று இறங்கும். குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக இறங்கும். அதோடு இதயத்துடிப்பும் மெதுவாகும். உடனே தூண்டுதலை நிறுத்தி, மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்து, தாடையை முன்னுக்குத் தூக்கி, முழு ஆக்சிஜனை அழுத்தத்தோடு கொடுக்க வேண்டும். அதற்கும் திறக்காவிட்டால் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் புரோபோஃபால், பிறகு தசைகளைத் தளர்த்தும் சக்ஸாமெத்தோனியம். கவனியுங்கள்: இந்த ஆபத்துக்கு நாங்கள் முதலில் எடுக்கும் ஊசி, அதே மயக்க மருந்தின் கூடுதல் அளவுதான். நேரத்தில் செய்யாமல் இதயம் நின்றுபோனால், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்துக்கு இதுவும் ‘ஊசி போட்டதும் நின்றுவிட்டது’ என்றுதான் தெரியவரும்.

அளவு கூடினால் என்ன ஆகும்? ரத்தக்குழாய்கள் தளர்ந்து பி.பி. விழும். சாதாரணமாக பி.பி. விழுந்தால் இதயம் வேகமெடுத்து ஈடுகட்டும்; புரோபோஃபால் அந்த ஈடுகட்டும் அமைப்பையும் மழுங்கடித்துவிடுகிறது. மூச்சு நின்றுபோகும். மூச்சு நிற்பது எங்களைப் பதற்றப்படுத்தாது. சரியான அளவிலேயே அரை நிமிடம், ஒரு நிமிடம் நிற்பது வழக்கம். பையை அழுத்தி மூச்சுக் கொடுப்போம். மூச்சு நின்றதைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் அது சாவு. பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009இல் இறந்தது இதே மருந்தால்தான். ஆபரேஷன் தியேட்டரில் அல்ல, வீட்டுப் படுக்கையறையில், தூக்கம் வருவதற்காகக் கொடுக்கப்பட்டபோது.

ஏன் இந்த மருந்து என்று கேட்கலாம். இதற்கு முன் கோலோச்சிய தயோபென்டோனும் அரை நிமிடத்தில் தூங்க வைக்கும். ஆனால் தொண்டையை அடக்குவதில் அது மட்டம். தயோபென்டோன் மட்டும் கொடுத்து எல்.எம்.ஏ. வைத்தால் குமட்டலும் இருமலும் அதிகம். புரோபோஃபால் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, முதலில் கலந்த கரைப்பானால் ஒவ்வாமை வந்ததால், சோயா எண்ணெயில் பால்மமாக மாற்றி 1986இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருப்பது அந்த எண்ணெயால்தான். எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தினும் இருப்பதால் கிருமிக்கு அது நல்ல சாப்பாடு. ஒரு ஆம்பூலை உடைத்து மீதியை மறுநாளைக்கு எடுத்து வைப்பது குற்றத்துக்குச் சமம். (முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒவ்வாமை வெள்ளைக் கருவின் புரதத்துக்குத்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.)

இனி எண்களுக்கு வருவோம். வழக்கமான ஆம்பூல் 20 மி.லி.; ஒரு மி.லி.யில் 10 மி.கி. வீதம் மொத்தம் 200 மி.கி. மில்லியையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொள்வது இந்தத் துறையின் பழைய வியாதி. ஒரு மி.லி.யில் 20 மி.கி. உள்ள இரட்டைச் செறிவு மருந்தும் சந்தையில் உண்டு. இரண்டுக்கும் நிறம் ஒன்றே. அதனால் சிரிஞ்சின் மேல் ஸ்டிக்கரில் மருந்தின் பெயரோடு செறிவையும் எழுதியாக வேண்டும்.

55 வயதுக்குக் கீழே உள்ள, வேறு நோய் இல்லாத பெரியவருக்குப் பாடநூல் சொல்லும் தொடக்க அளவு கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி. அறுபது கிலோ எடையுள்ள, நாற்பது வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் மாஸ்க் வைத்து மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜன். இதைப் பலர் சடங்கு என்று நினைக்கிறார்கள். மூச்சு நின்ற பிறகு நுரையீரலில் இருக்கும் சேமிப்பு சாதாரணக் காற்றாக இருந்தால் சுமார் ஒரு நிமிடம் தாங்கும். ஆக்சிஜனாக இருந்தால் ஆரோக்கியமான பெரியவருக்கு ஏழெட்டு நிமிடம் வரைகூடத் தாங்கும். உடல் பருமன் உள்ளவருக்கு மூன்று நிமிடம் வந்தாலே பெரிது. அளவில் எங்காவது தவறினால் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் இந்தச் சேமிப்புதான்.

இந்த மூன்று நிமிடம் தொடங்கும்போதே ஃபென்டனில் என்ற வலி மருந்து 60 மைக்ரோகிராம், அதாவது கிலோவுக்கு ஒன்று, கொடுத்துவிட வேண்டும். அது உச்சத்துக்கு வர மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். நாங்கள் பார்க்கிற தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: ஃபென்டனிலையும் புரோபோஃபாலையும் அடுத்தடுத்துத் தள்ளிவிடுவது. எல்.எம்.ஏ. நுழையும்போது ஃபென்டனில் இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது, நோயாளி இருமுவார். இன்னும் புரோபோஃபால் கொடுப்பார்கள். கருவி உட்கார்ந்து, தூண்டுதல் எல்லாம் ஓய்ந்த பிறகு இரண்டு மருந்தும் சேர்ந்து உச்சத்துக்கு வந்து பி.பி.யைக் கீழே இழுக்கும். மொத்தக் கணக்கைப் பார்த்தால் எந்த மருந்தும் அளவு மீறவில்லை. நேரம்தான் தவறியது.

பிறகு புரோபோஃபால். சிரையில் எரிச்சல் தரும். ‘கை எரிகிறதே’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். முன்னால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் 30 மி.கி. கொடுத்தால் எரிச்சல் குறையும். அறுபது கிலோவுக்கு 2.5 வீதம் 150 மி.கி., அதாவது 15 மி.லி. பத்து நொடிக்கு 4 மி.லி. என்ற வேகத்தில் தள்ளினால் நாற்பது நொடிக்குள் முடிந்துவிடும். கண் மூடியதும் கருவியை நுழைக்கத் தோன்றும். நுழைக்கக் கூடாது. மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருந்தாலும், மூளையில் அதன் வேலை உச்சத்துக்கு வர ஒன்றரை நிமிடம் போலப் பிடிக்கும். மாஸ்க்கில் மெதுவாக மூச்சுக் கொடுத்தபடி காத்திருக்க வேண்டும்.

காத்திருந்த பிறகு ஒரு சோதனை: இரண்டு கைகளாலும் தாடையின் கோணத்தைப் பிடித்து முன்னுக்கு அழுத்தித் தூக்குவது. அது வலிக்கிற காரியம். முகம் சுளித்தாலோ, கை அசைந்தாலோ, மூச்சின் தாளம் மாறினாலோ தொண்டை இன்னும் தயாரில்லை. கிலோவுக்கு 0.5, அதாவது 30 மி.கி. இன்னும் கொடுத்து அரை நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். ஒன்றும் அசையவில்லை, தாடை தளர்ந்து கையோடு வருகிறது என்றால் அப்போதுதான் நுழைக்கலாம். ஆக, இந்தப் பெண்ணுக்குச் சரியான அளவு 150ஆ, 180ஆ, 210ஆ என்பது அந்தத் தாடையைத் தூக்கிப் பார்க்கும் வரை எங்களுக்கும் தெரியாது. முதல் ஆம்பூல் 200இல் முடிந்துவிடுகிறது. இரண்டாவது சிரிஞ்சு நிரப்பித் தயாராக இருக்க வேண்டும் என்று நாங்கள் நர்ஸுகளிடம் நச்சரிப்பது இதனால்தான். நோயாளி கடித்துக்கொண்டிருக்கும்போது ஆம்பூலை உடைக்க ஓடுவது பார்க்கச் சகிக்காத காட்சி.

நெற்றியில் ஒட்டுகிற பி.ஐ.எஸ். மானிட்டர் இருந்தால் இதெல்லாம் தேவையில்லையே என்று சிலர் நினைக்கலாம். அது மூளையின் மேல்புற மின்னோட்டத்தை எண்ணாக்கிக் காட்டுகிறது. 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் ஆழ்ந்த மயக்கம். ஆனால் வலிக்கு உடம்பு அசைவதைப் பெரும்பாலும் தண்டுவடம்தான் தீர்மானிக்கிறது. மானிட்டர் 45 காட்டும்போதே நோயாளி கருவியைக் கடித்துப் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

அளவு போதவில்லை என்று தோன்றுகிற எல்லாமே அளவுக் குறைவு அல்ல. பி.பி. பட்டை கட்டிய கையிலேயே டிரிப் ஏற்றியிருந்தால், பட்டை இறுகும் நேரத்தில் தள்ளிய மருந்து கையிலேயே தங்கிவிடும். பட்டை தளர்ந்ததும் மொத்தமாக ஓடும். இடையில் ‘பற்றவில்லை’ என்று இன்னொரு டோஸ் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து வந்து சேரும். ஊசி சிரையை விட்டு விலகித் தோலுக்கடியில் இறங்கியிருக்கலாம். கருவியின் நுனி உள்ளே மடங்கியிருக்கலாம். பின்புறம் ஜெல்லி தடவாமல், மேலண்ணத்தோடு ஒட்டித் தள்ளாமல் நடுவாயில் குத்தினால் நுனி மடங்கி, குரல்வளை மூடியைச் சுருட்டி, காற்றை அடைத்துவிடும். மருந்து எவ்வளவு கொடுத்தாலும் அது சரியாகாது. கருவியின் அளவு எண் தவறினாலும் இதே தொல்லைதான்: 30 முதல் 50 கிலோவுக்கு 3ஆம் எண், 50 முதல் 70க்கு 4ஆம் எண், அதற்கு மேல் 5. விளிம்பில் அடைத்த காற்றின் அழுத்தம் 60 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டு நாளைக்குத் தொண்டை வலி. உட்கார்ந்துவிட்டதா என்பதற்குச் சாட்சி நெஞ்சு எழுவதும், வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் மூச்சுக்கு மூச்சு மேடை போன்ற அலை வருவதும். அந்த அலை இல்லாத இடத்தில் ஆக்சிஜன் எண் இன்னும் 99 காட்டினாலும் நம்பக் கூடாது. அது பழைய சேமிப்பின் கணக்கு.

கருவி உட்கார்ந்த பின் ஐந்து நிமிடம் ஒரு பள்ளம். வலி எதுவும் இல்லை, சர்ஜன் கை கழுவிக்கொண்டிருப்பார், பி.பி. மிகக் கீழே போவது அப்போதுதான். பி.பி.யை ஏற்றும் மெபென்டெர்மின் 3 முதல் 6 மி.கி., கொஞ்சம் சலைன் என்று தூக்கி நிறுத்துவோம். ஒரே ஊசியாகக் கொடுத்த புரோபோஃபால் மூளையை விட்டுத் தசைகளுக்குப் பரவி, ஐந்து பத்து நிமிடத்தில் தெளிய விடுகிற மருந்து. அதற்குள், மயக்கத்தைத் தொடர வைக்கும் செவோஃப்ளுரேன் வாயு ஏறியிருக்க வேண்டும். பி.பி. குறைகிறதே என்று வாயுவைக் குறைத்து வைத்துவிட்டு, சர்ஜன் கத்தி வைத்ததும் நோயாளி துள்ளினால், லாரிஞ்சோஸ்பாசம் இரண்டாம் முறை வாசலுக்கு வந்துவிடும்.

ஆளுக்கு ஆள் அளவு மாறுவது வேடிக்கைக்கு இல்லை. 75 வயதுக்காரருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 போதும், அதுவும் பத்து நொடிக்கு 2 மி.லி. வேகத்தில். வயதில் ரத்த ஓட்டம் மெதுவாகிறது. கையில் போட்டது மூளைக்குப் போய்ச் சேரவே நேரமாகும். இன்னும் தூங்கவில்லையே என்று அவசரப்பட்டு மேலே மேலே போட்டால், வழியில் இருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்திறங்கும். முதியவர்களுக்கு அளவு மீறுவது இப்படித்தான், கணக்குத் தெரியாததால் அல்ல. குழந்தைகளுக்குத் தலைகீழ்: கிலோவுக்கு 2.5 முதல் 3.5 வரை, எல்.எம்.ஏ. வைக்க அதற்கு மேலும் தேவைப்படும். பச்சைக் குழந்தைக்குப் பெரியவரைவிடக் கிலோவுக்கு அதிகம் என்றால் பெற்றோர் திடுக்கிடுகிறார்கள். மருந்து பரவும் இடம் அவர்களுக்கு உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, ரத்தம் சுற்றும் வேகமும் அதிகம்.

உடல் பருமன்தான் மிகவும் ஏமாற்றக்கூடியது. 165 சென்டிமீட்டர் உயரம், 100 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கிலோவுக்கு 2 என்று பெருக்கினால் 200 மி.கி. வரும். கொழுப்பை நீக்கிக் கணக்கிட்டால் அவருடைய எடை சுமார் 52 கிலோ. தொடக்க அளவு 104 மி.கி. பாதிக்குப் பாதி வித்தியாசம். கொழுப்புக்குச் செல்லும் ரத்தம் குறைவு. முதல் நிமிடத்தில் மருந்து அங்கே போவதில்லை. எடை மெஷினில் நின்ற எண்ணை அப்படியே பெருக்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்.எம்.ஏ. வைக்கத் தேவையான புரோபோஃபால் அளவை ஆய்வுகள் எப்படிக் கணக்கிடுகின்றன என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். எம்.டி. மாணவர்கள் விரும்பி எடுக்கும் ஆய்வுத் தலைப்புகளில் இதுவும் ஒன்று. பயன்படுத்தும் முறை, டிக்சன், மூட் என்ற இருவர் 1948இல் எழுதிய ஏறி இறங்கும் முறை. ஒருவருக்குக் கிலோவுக்கு 2.25 கொடுத்துக் கருவி வைக்கும்போது அவர் அசைந்தால், அடுத்தவருக்கு 2.5. அவர் அசையாவிட்டால் அதற்கடுத்தவருக்கு மறுபடி 2.25. அசைந்தவரிலிருந்து அசையாதவருக்கு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்ணுக்கும் நடு எண்ணை, இங்கே 2.375ஐ, குறித்துக்கொள்வார்கள். அப்படி ஆறு குறிகளாவது சேர்ந்ததும் சராசரி. இருபது முப்பது பேரிலேயே விடை வந்துவிடும் என்பதால் மாணவர்களுக்கு இது பிடிக்கும்.

வருகிற விடைக்குப் பெயர் ஈ.டி. 50: பாதிப் பேருக்குப் போதுமான அளவு. அதாவது மீதிப் பாதிப் பேர் அசைவார்கள். பூவா தலையா போட்டு யாருக்கும் கருவி வைக்க முடியாது. தியேட்டருக்கு வேண்டியது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும் அளவு. ஏறி இறங்கும் முறையில் எண்கள் எல்லாம் நடுவிலேயே குவிந்துவிடுவதால், அந்த 95ஐ நீட்டிக் கணக்கிடத்தான் முடியும். பிழை இடைவெளி விரிந்து கிடக்கும். வேறு கேள்விகளும் உண்டு. கருவி வைத்தவருக்கு மருந்தின் அளவு தெரியாமல் மறைத்தார்களா? அசைவு என்று எதைக் கொண்டார்கள், இருமலையா, விரல் நுனி அசைந்ததையா? ஃபென்டனில் கொடுத்து எத்தனை நிமிடம் கழித்து? எந்தக் கருவி? தடித்த விளிம்புள்ள புரோசீல் வகைக்குப் பழைய வகையைவிட ஆழமான மயக்கம் வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுவது 18 முதல் 60 வயது வரை உள்ள, நோயற்றவர்கள். அதில் வந்த எண்ணை இதய நோயுள்ள எழுபது வயதுக்காரருக்குப் போடுவது ஆய்வின் குற்றமல்ல. ‘இந்த மருந்தைச் சேர்த்தால் புரோபோஃபால் இத்தனை சதவீதம் மிச்சம்’ என்று செய்தி வெளியிடும்போது, அது ஈ.டி. 50இன் மிச்சமா, 95இன் மிச்சமா என்று ஒரு வரி கேட்டுப் போட்டால் நல்லது.

நோயாளி சொல்லாமல் மறைப்பது எங்கள் கணக்கைக் கெடுக்கும். குடிப்பழக்கம் உண்டா என்று மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் வரும் பதில் எங்களுக்குத் தெரியும். தினமும் குடிப்பவருக்கு மருந்து அதிகம் தேவைப்படும். குடித்துவிட்டு வந்தவருக்குக் குறைவாகப் போதும், வாந்தி ஆபத்தோ கூடுதல். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகளைக் காலையில் போட்டுக்கொண்டு வந்தால் பி.பி. வழக்கத்துக்கு மேல் விழலாம். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நிறுத்தாதீர்கள். எடை குறைக்கப் போடும் செமாகுளூடைட் ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்; பட்டினி கிடந்தாலும் வயிறு நிறைந்திருக்கலாம். பான்பராக், ஹான்ஸ் போடுகிறவர்களுக்கு வாய் திறப்பது சுருங்கிப்போயிருக்கும். இரண்டு விரல்கூட நுழையாத வாயில் எத்தனை மில்லி மருந்து போட்டாலும் எல்.எம்.ஏ. நுழையாது, அது தசை இறுக்கம் அல்ல, தழும்பு. குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் சளி, இருமல் இருந்தால் குரல்நாண் இறுகும் வாய்ப்பு அதிகம். தேதி தள்ளிப் போகும் என்று பயந்து மறைக்க வேண்டாம். எடையை உத்தேசமாகச் சொல்லாமல் அன்றைக்கே மெஷினில் ஏறி நின்றுவிடுங்கள்.

பட்டினிக் கணக்கு: இட்லி போன்ற லேசான உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், பரோட்டா, பிரியாணிக்கு எட்டு, தாய்ப்பாலுக்கு நான்கு, வெறும் தண்ணீருக்கு இரண்டு. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் சேராது. ‘ஒரு வாய் காபிதானே’ என்று கொடுத்துவிட்டு, கேட்டால் தலையாட்டுகிற பாட்டிமார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அசம்பாவிதம் ஒன்றைப் பற்றிச் செய்தி சேகரிக்கும் உங்கள் நிருபர்களிடம் ஒன்று கேட்கிறோம். எத்தனை மில்லி போட்டார்கள் என்ற கேள்வியோடு நிறுத்தாமல், மயக்கம் கொடுத்தவர் அதற்குப் படித்தவரா, ஆபரேஷன் செய்தவரே மயக்கமும் கொடுத்தாரா, கேப்னோகிராஃப் இருந்ததா, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், கருவியை எத்தனை முறை நுழைத்துப் பார்த்தார்கள், ஆக்சிஜன் இறங்கியது மருந்து போட்ட உடனா கருவி வைத்தபோதா என்று கேளுங்கள். மருந்து போட்டதும் பி.பி. விழுந்து, பிறகு ஆக்சிஜன் இறங்கியிருந்தால் ஒரு கதை. பி.பி. நன்றாக இருக்க, கருவி வைக்கும்போது ஆக்சிஜன் முதலில் இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் வேறு கதை. இவற்றுக்கான விடை மயக்கப் பதிவுத் தாளில் இருக்க வேண்டும். மருந்தின் பெயர், மில்லிகிராம், கொடுத்த நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி., நாடித்துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். பிரச்சினை வந்தால் மட்டும் கேட்க வேண்டியது என்றில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் அந்தத் தாளின் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். எந்த எண் எல்.எம்.ஏ. சரியாக உட்கார்ந்தது, எத்தனை மில்லிகிராமில் தாடை தளர்ந்தது, பி.பி. எவ்வளவு இறங்கியது என்று அதில் இருந்தால், அடுத்த ஆபரேஷனுக்கு வரும் மயக்க மருத்துவர் பாடநூல் எண்ணிலிருந்து தொடங்காமல் உங்கள் எண்ணிலிருந்து தொடங்குவார்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர்கள் இருவர்,
மதுரை